குறுஞ்செய்தியின் எழுத்தலகும் தமிழ் எழுத்துமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

செல்பேசியில் செய்தி எழுதி அனுப்பும் வழக்கம் இந்தியாவில் பரவிய காலத்தில் தமிழர் பலர் தம் மொழியை உரோமன் எழுத்தில் எழுதினர். ஆங்கில மோகம், தாய்மொழிப் பற்றின்மை, இளைஞர்தம் நாகரிகப் போக்கு ஆகியவை இதற்குக் காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. இவற்றை முற்றாக மறுக்க இயலாது. ஆயின் இவை மட்டுமே காரணங்கள் எனக் கொள்வது, அக்காலச் செல்பேசி ஓர் எழுத்தை எவ்வாறு எண்ணியது என்னும் அடிப்படைச் செய்தியைக் கவனியாது விடுவதாகும்.

ஒரு மொழியை எந்த எழுத்தில் எழுதுவது என்பதை மரபும் பற்றும் மட்டும் முடிவு செய்வதில்லை. எழுதும் கருவியும் எழுதுவதற்காகும் செலவும் அதில் பங்கு கொள்கின்றன. குறுஞ்செய்தியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும். குறுஞ்செய்தி முறை வகுக்கப்பட்ட 1980களிலிருந்து செல்பேசிகளில் இந்திய மொழிகளுக்கான தரநிலை வெளியான 2016 வரையிலான காலத்தில் தமிழ் எழுத்து செல்பேசியில் அடைந்த நிலையை இக்கட்டுரை ஆராய்கிறது. உரோமன் எழுத்து வழக்கின் பெருக்கத்திற்குத் தமிழ் எழுத்தின் நீளமோ கடுமையோ காரணமன்று என்பதும், குறியீட்டு அட்டவணையில் அதற்கு இடம் அளிக்கப்படாமையே முதற்காரணம் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. அக்காரணம் நீங்கிய பின்னரும் அவ்வழக்கம் ஏன் நீடிக்கிறது என்பது தொடர்ந்து ஆராயப்படுகிறது.

2. தந்தி என்னும் முன்வரலாறு

மின்வழிச் செய்தியில் எழுத்துச் சிக்கல் செல்பேசியோடு தோன்றியதன்று. 1850இல் கல்கத்தாவிற்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனை நோக்கில் தந்திக் கம்பி அமைக்கப்பட்டது. 1855இல் தந்திச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மோர்சு குறியீடு உரோமன் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் இந்தியமொழி எதுவாயினும் அது ஆங்கிலமாக மொழிபெயர்க்கப்பட்டோ உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதப்பட்டோதான் கம்பியில் செல்ல முடிந்தது. தேவநாகரி எழுத்தில் இந்தித் தந்திச் சேவை 1949இல் தொடங்கப்பட்டது. அதாவது பொதுச்சேவை தொடங்கித் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஓர் இந்திய எழுத்துக்கு அவ்வாய்ப்புக் கிட்டியது.

தந்தி வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஆங்கிலம் அறிந்த ஒருவரைத் தேடும் நிலை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்தது. செய்தி யாருக்கு உரியதோ அவருக்கே அதைப் படிக்க இயலாத நிலை அது. தந்தியின் கட்டணம் சொற்களை எண்ணிக் கணக்கிடப்பட்டதால் சொற்சுருக்கமும் ஒரு கலையாயிற்று. வாழ்த்துத் தந்திகளுக்கு முன்னரே வகுக்கப்பட்ட தொடர்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. எண்ணைக் குறித்தால் தொடர் சென்று சேர்ந்தது.

எண்ணும் அலகு எதுவோ அதுவே மொழிநடையை வடிவமைக்கும் என்பதையும், கருவியில் எழுத்துக்கு இடமில்லையெனில் மொழி வேற்றெழுத்தை நாடும் என்பதையும் தந்தி முன்கூட்டியே காட்டியது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 14ஆம் நாளோடு முடிவுற்றது. அது எழுப்பிய இவ்விரு சிக்கல்களும் அதற்குள் செல்பேசிக்கு இடம் மாறியிருந்தன. தந்தியில் எழுத்தைப் பெயர்த்தவர் பெரும்பாலும் அலுவலகத்தார். செல்பேசியில் அப்பணியை எழுதுபவர் தாமே செய்ய நேர்ந்தது.

3. நூற்று அறுபதின் தோற்றம்

குறுஞ்செய்தி ஐரோப்பிய நாடுகளின் கூட்டு முயற்சியில் உருவான ஜிஎஸ்எம் செல்பேசி முறையின் ஒரு கூறாகும். அழைப்புகளை இணைப்பதற்கான கட்டுப்பாட்டுத் தடத்தில் எஞ்சியிருந்த சிறிய இடத்தைப் பயன்படுத்தி எழுத்துச் செய்தியை அனுப்பலாம் என்பது இதன் அடிப்படை. 1985இல் செருமானியப் பொறியாளர் பிரீடெல்ம் இல்லெபிராண்டு பல்வேறு வாக்கியங்களைத் தட்டச்சுச் செய்து அவற்றின் எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். அஞ்சலட்டைகளிலும் டெலக்சுச் செய்திகளிலும் காணப்பட்ட நீளமும் கருதப்பட்டது. ஒரு கருத்தை உணர்த்த 160 எழுத்துகள் போதுமானவை என்னும் முடிவு இவ்வாறு பிறந்தது. அவ்வெண்ணிக்கையின் பின்னணியில் இருந்தவை உரோமன் எழுத்தில் எழுதப்படும் ஐரோப்பிய மொழிகளே. 1992 டிசம்பர் 3ஆம் நாள் பிரித்தானியாவில் நீல் பாப்வொர்த்து ஒரு கணிப்பொறியிலிருந்து வோடபோன் வலையமைப்பில் அனுப்பிய கிறித்துமசு வாழ்த்தே முதற் குறுஞ்செய்தியாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு, அதாவது 1120 பிட்டு ஆகும். ஓர் எழுத்துக்கு 7 பிட்டு என வகுத்தால் 160 எழுத்துகள் அடங்கும். 7 பிட்டுகளால் 128 இடங்களை மட்டுமே குறிக்க முடியும். ஜிஎஸ்எம் அட்டவணையின் 128 இடங்களில் உரோமன் பேரெழுத்துகள், சிற்றெழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய மேற்குறியிட்ட எழுத்துகள், உரோமன் வடிவத்தோடு ஒவ்வாத 10 கிரேக்கப் பேரெழுத்துகள் ஆகியன இடம்பெற்றன. இந்திய எழுத்து எதுவும் இடம்பெறவில்லை.

அட்டவணைக்குப் புறம்பான எழுத்துகளுக்கென மற்றொரு வழி வகுக்கப்பட்டது. அவ்வழியில் ஒவ்வொரு குறியும் 16 பிட்டு இடத்தைக் கொள்ளும். 1120 பிட்டில் அத்தகைய குறிகள் 70 மட்டுமே அடங்கும். இங்குக் கருதத்தக்க விதி ஒன்றுண்டு. ஒரு செய்தி முழுவதும் ஒரே முறையில்தான் குறியேற்றப்படும். உரோமன் எழுத்தில் அமைந்த ஒரு செய்தியில் ஒரேயொரு ‘ழ’ இடம்பெற்றாலும் செய்தி முழுவதும் 16 பிட்டு முறைக்கு மாறும்; அதன் கொள்ளளவு 160இலிருந்து 70ஆகச் சுருங்கும். அளவு மீறிய செய்தி பல துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை மீளக் கோப்பதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டுமாதலால், ஒவ்வொரு துண்டிலும் உரோமன் எழுத்தாயின் 153, பிறவாயின் 67 என்னும் அளவே எஞ்சும். கட்டணம் துண்டுகளின் எண்ணிக்கைக்கேற்ப அமையும்.

இந்தியாவில் முதற் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் சோதி பாசுவுக்கும் நடுவண் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நிகழ்ந்தது. அதன்பின் செல்பேசி பரவியபோது, இந்திய மொழிகளைக் கருதாது ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட இவ்வட்டவணையும் உடன் வந்து சேர்ந்தது.

4. எழுத்தும் அலகும்: ஓர் ஒப்பீடு

தமிழ் மரபில் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பது அவற்றின் பகுப்பு. யூனிகோடு முறையில் எல்லா எழுத்துகளும் ஒரே அளவு பெறுவதில்லை. யூனிகோடின் இந்திய எழுத்துத் தொகுதிகள் 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறியீட்டு முறையைப் பின்பற்றி அமைந்தவை. அகரமேறிய மெய்யே அம்முறையில் அடிப்படை வடிவமாகும். புள்ளியும் பிற உயிர்க்குறிகளும் அதன்மேல் சேர்க்கப்படும் தனிக் குறிகளாகும். இதன்படி,

(அ) உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆக 31 எழுத்துகள் ஓரலகு பெறும்;
(ஆ) மெய் 18, ஏனைய உயிர்மெய் 198 ஆக 216 எழுத்துகள் ஈரலகு பெறும்.

தமிழிலக்கணத்தில் மெய்யே அடிப்படை. உயிர்மெய் அதனோடு உயிர் சேர்ந்து பிறப்பது. மெய்க்கு அரை மாத்திரையும் குறிலுக்கு ஒரு மாத்திரையும் அளவாக வகுக்கப்பட்டுள்ளன. குறுஞ்செய்தியின் கணக்கிலோ அரை மாத்திரை பெறும் ‘க்’ ஈரலகு பெறுகிறது. ஒரு மாத்திரை பெறும் ‘க’ ஓரலகே பெறுகிறது. இலக்கண அளவும் இயந்திர அளவும் இவ்விடத்தில் எதிர்மாறாக அமைகின்றன. மெய்கள் மிகுதியாக வரும் தமிழ்ச்சொற்களில் இதன் விளைவு பெரிது.

சான்றாக ஒரு வாக்கியத்தைக் கொள்ளலாம்: ‘நாளைக் காலை பேருந்து நிலையத்தில் சந்திப்போம்’. இதில் தமிழ்க் கணக்குப்படி 21 எழுத்துகளும் 4 இடைவெளிகளும் உள்ளன. யூனிகோடு கணக்கில் எழுத்துகளுக்கு 40, இடைவெளிகளுக்கு 4 என 44 அலகுகள் ஆகின்றன. இதே வாக்கியத்தைச் சந்தி ஒற்றை விடுத்து உரோமன் எழுத்தில் வழக்கமான முறையில் எழுதினால் 41 எழுத்துகளும் 4 இடைவெளிகளுமாக 45 அலகுகள் ஆகும்.

இவ்வொப்பீடு தரும் முடிவு குறிப்பிடத்தக்கது. அலகுகளின் எண்ணிக்கையில் தமிழ் எழுத்து உரோமன் எழுத்தைவிட நீண்டதன்று. 44, 45 என இரண்டும் ஏறத்தாழச் சமமே. ஆயின் 45 உரோமன் அலகுகள் 315 பிட்டு இடத்தையும், 44 தமிழ் அலகுகள் 704 பிட்டு இடத்தையும் கொள்கின்றன. உரோமன் வடிவில் இவ்வளவு நீளமுள்ள மூன்று வாக்கியங்களை ஒரே செய்தியில் அனுப்பலாம். தமிழ் வடிவில் இரண்டு வாக்கியங்கள் சேர்ந்தாலே 89 அலகுகளாகிச் செய்தி இரண்டாகப் பிரியும். வேறுபாடு எழுத்தின் இயல்பால் வந்ததன்று. ஓர் எழுத்து அட்டவணைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதால் வந்தது.

5. உரோமன் எழுத்தில் தமிழ்

கொள்ளளவைத் தவிர வேறு தடைகளும் இருந்தன. தொடக்கக்காலச் செல்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. அத்தகைய கருவியில் தமிழ்ச்செய்தி வெறுங் கட்டங்களாகத் தோன்றும். எழுத்துரு இருந்தாலும் எகர, ஏகார, ஐகாரக் குறிகளை மெய்க்கு முன்னும், ஒகர, ஓகாரக் குறிகளை இருபுறமும் பிரித்தமைக்கும் திறன் கருவிக்கு இல்லையெனில் சொல் சிதைந்து தோன்றும். விசைப்பலகையில் உரோமன் எழுத்துகள் 2 முதல் 9 வரையுள்ள எட்டு விசைகளில் அடங்கியிருந்தன. அனுப்புநர் தமிழில் எழுத வல்லவராயினும் பெறுநரின் கருவி அதைக் காட்டுமா என்பதை அறியார். ஐயத்திற்கிடமின்றிச் சென்று சேரும் எழுத்து உரோமன் ஒன்றே.

5.1 ஒலியமைப்பு நோக்கு

இவ்வாறு தோன்றிய உரோமன் வழக்கு எந்த வாரியமும் வகுத்ததன்று. எந்தப் பள்ளியும் கற்பித்ததன்று. அறிஞர்கள் பயன்படுத்தும் எழுத்துப்பெயர்ப்பு முறைகளில் நெடிலுக்கும் ல, ள, ழ முதலியவற்றுக்கும் தனிக் குறிகள் உண்டு. செல்பேசி விசையில் அவை இல்லை. ஆகவே குறில் நெடில் வேறுபாடும், ல ள ழ, ன ண ந, ர ற ஆகியவற்றின் வேறுபாடும் பெரும்பாலும் மறைந்தன. கே, ஏ, எல், ஏ, ஐ என்னும் ஐந்து உரோமன் எழுத்துகளின் வரிசையைக் கலை, களை, கழை, காலை, காளை என ஐவகையாகப் படிக்க இயலும். எச்சொல் பொருந்தும் என்பதைச் சூழலே உணர்த்த வேண்டும்.

விசையழுத்தத்தின் எண்ணிக்கையும் இதில் பங்கு பெற்றிருக்கலாம். ழகரத்திற்கு வழக்கமாக எழுதப்படும் இசட், எச் என்னும் இணைக்கு 9ஆம் விசையை நான்கு முறையும் 4ஆம் விசையை இரு முறையும் என ஆறு முறை அழுத்த வேண்டும். எல் என்னும் எழுத்துக்கு 5ஆம் விசையை மூன்று முறை அழுத்தினால் போதும். எழுத்துப் பிழை என ஒதுக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதி சிக்கனத்தின் விளைவு எனக் கருத இடமுண்டு.

இழப்பு மட்டுமே நிகழ்ந்ததாகக் கொள்வதும் பொருந்தாது. தமிழ் எழுத்து வல்லின மெய்களின் ஒலிப்புடைமை வேறுபாட்டைக் குறிப்பதில்லை. தீவினையைக் குறிக்கும் ‘பாவம்’, மெய்ப்பாட்டைக் குறிக்கும் ‘பாவம்’ ஆகிய இரண்டும் எழுத்தில் ஒன்றே. உரோமன் எழுத்தில் எழுதுவோர் முதலதைப் பி கொண்டும் பின்னதை பீ அல்லது பீ, எச் கொண்டும் வேறுபடுத்த இயலும். மாற்றொலிகளையும் கடன்சொல் ஒலிகளையும் பேசுவோர் எவ்வாறு உணர்கின்றனர் என்பதற்கு இது பயனுள்ள சான்றாகும். அதே வேளையில் இவ்வழக்கு முழுதும் ஒலிவழிப்பட்டதன்று. பேச்சில் மூக்கொலி உயிராக முடியும் சொற்களையும் எழுதுவோர் பெரும்பாலும் மகர, னகரங்களுக்குரிய எழுத்துகளோடே முடிக்கின்றனர். தமிழ் எழுத்துக்கூட்டலின் நினைவு உரோமன் எழுத்திலும் தொடர்வதை இது காட்டுகிறது.

5.2 வழக்கு நோக்கு

தமிழ் இரட்டை வழக்கு மொழி. மு. சண்முகம் பிள்ளை 1960இல் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிரான்சிசு பிரிட்டோ 1986இல் வெளியிட்ட நூலில் இரட்டை வழக்குக் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி விரிவாக விளக்கினார். அண்மைக்காலம் வரை பேச்சு வழக்கு எழுத்தில் இடம்பெற்ற களங்கள் சிலவே. புனைகதை உரையாடல், நாடகம், திரைப்பட உரையாடல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. அவற்றை எழுதியோர் பயிற்சி பெற்ற எழுத்தாளர்கள்.

குறுஞ்செய்தியில் இந்நிலை மாறியது. எழுத்தாளர் அல்லாத மிகப் பலர் தம் பேச்சைத் தாமே நாள்தோறும் எழுதலாயினர். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்னும் எழுத்து வழக்கு வடிவத்திற்கு ஈடாக ‘வந்துகிட்டிருக்கேன்’, ‘வந்துட்டிருக்கேன்’, ‘வந்துண்டிருக்கேன்’ எனும் வட்டார, சமூக வேறுபாடுகள் எழுத்துக்கு வந்தன. அலகுச் சிக்கனமும் பேச்சு வடிவத்திற்கே துணை நின்றது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ 21 அலகு. ‘வந்துட்டிருக்கேன்’ 17 அலகு. ‘இருக்கிறது’ 10; ‘இருக்கு’ 7.

இப்பேச்சு வடிவங்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டமை தற்செயலானதன்று. தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கியதும் பள்ளியில் பயின்ற எழுத்து வழக்கின் கட்டுப்பாடு உடன் வருகிறது. சந்தி மிகுமா, றகரமா ரகரமா என்னும் ஐயங்கள் எழுகின்றன. உரோமன் எழுத்தில் அத்தகைய அச்சம் இல்லை. அங்குப் பிழை என ஒன்றில்லை. இவ்வாறு எழுத்தே வழக்கைச் சுட்டும் அடையாளமாயிற்று. தமிழ் எழுத்து முறைசார்ந்த நடைக்கும், உரோமன் எழுத்து நெருக்கமான உரையாடலுக்கும் உரியன என்னும் பகிர்வு மெல்ல உருவாயிற்று.

6. தீர்வு முயற்சிகள்

தமிழ் எழுத்தைச் செல்பேசிக்குக் கொணரும் முயற்சிகள் பல திசைகளில் நிகழ்ந்தன. அவற்றுள் முன்னோடியானது மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் வெளிவந்த செல்லினம். கணிப்பொறிக்கான முரசு அஞ்சல் மென்பொருளில் பெற்ற பட்டறிவு இதற்குத் துணைநின்றது. செல்பேசியிலேயே தமிழில் எழுதிப் படிக்க இது வழிசெய்தது. கருவி தமிழை ஏற்கவில்லை என்னும் குறையை இது களைந்தது. 70 என்னும் வரம்பு மட்டும் எஞ்சியது.

அவ்வரம்பைத் தகர்க்கும் வழியும் காணப்பட்டது. துருக்கி மொழிக்குரிய சில எழுத்துகள் அட்டவணையில் இல்லாமையால் துருக்கியரும் இதே இழப்புக்கு ஆளாயினர். 3ஜிபிபி என்னும் பன்னாட்டுத் தரப்படுத்தும் அமைப்பு 2008ஆம் ஆண்டின் எட்டாம் வெளியீட்டில் துருக்கி, இசுப்பானியம், போர்த்துகீசியம் ஆகியவற்றுக்கெனத் தனி அட்டவணைகளைச் சேர்த்தது. 2009ஆம் ஆண்டின் ஒன்பதாம் வெளியீட்டில் வங்காளம், குசராத்தி, இந்தி, கன்னடம், மலையாளம், ஒரியா, பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, உருது ஆகிய பத்து மொழிகளுக்கும் அட்டவணைகள் வகுக்கப்பட்டன. செய்தியின் தொடக்கத்தில் எம்மொழி அட்டவணை என்று ஒரு குறிப்பு இடம்பெறும். அதன்பின் அம்மொழியின் எழுத்துகள் 7 பிட்டு அளவிலேயே செல்லும். ஓர் அட்டவணையைக் குறித்தால் 155 அலகுகளும், இரண்டைக் குறித்தால் 152 அலகுகளும் கிட்டும். மேலே காட்டிய 44 அலகு வாக்கியம் இம்முறையில் மூன்று முறை அடங்கும். உரோமன் எழுத்துக்கு இணையான நிலையைத் தமிழ் எழுத்து இவ்வாறு ஏட்டளவில் 2009இலேயே பெற்றுவிட்டது.

ஆயினும் இம்முறை இந்தியாவில் பரவலான வழக்குக்கு வரவில்லை. அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒருங்கே இதனை அறிந்திருக்க வேண்டும். பெறும் கருவி அறியாதெனில் தமிழ் எழுத்துகளின் இடத்தில் தொடர்பற்ற உரோமன் எழுத்துகள் தோன்றும். பழைய கருவிகள் கோடிக்கணக்கில் புழங்கிய நாட்டில் இத்தடை சிறிதன்று. தரம் வகுப்பதும் தரம் வழக்குக்கு வருவதும் வெவ்வேறு என்பதற்கு இது சான்றாகும்.

தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்னும் 16 பிட்டு அனைத்தெழுத்து முறையையும் ஏற்று ஆணையிட்டது. டேஸ்16 முறையில் மெய்யும் உயிர்மெய்யும் தனித்தனியே ஒரே குறியெண் பெறும். அதன்படி எண்ணினால் மேற்காட்டிய வாக்கியம் 25 அலகுகளில் அடங்கும். தமிழிலக்கணத்திற்கு நெருங்கிய கணக்கு இது. ஆயின் அக்குறியெண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. ஆதலின் அவற்றைப் பொதுச் செல்பேசிகள் எழுத்தாக அறிவதில்லை.

7. மின்னஞ்சலும் உடனடிச் செய்தியும்

மின்னஞ்சலும் 7 பிட்டு வரம்போடு தோன்றியதே. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகள் உரோமன் எழுத்தையே கருதின. தமிழ் எழுத்துருக்கள் பலவும் 8 பிட்டு அட்டவணையின் மேற்பாதியைப் பயன்படுத்தியமையால், எட்டாம் பிட்டைக் கைவிடும் வழிகளில் சென்ற மடல்கள் சிதைந்தன. 1992இல் மைம் என்னும் விரிவாக்க விதிகள் வந்தன. மடல் எக்குறியீட்டு முறையில் அமைந்தது என்பதை மடலே அறிவிக்கவும், எவ்வெழுத்தையும் 7 பிட்டு வழியில் மாற்றி அனுப்பவும் இவை இடமளித்தன. எழுத்துருக்களின் வேறுபாட்டைக் களைய 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. பின்னர் யூனிகோடு இவற்றின் இடத்தைப் பெற்றது.

யூனிகோடு எழுத்துகளை அனுப்பப் பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் அலகு 3 பைட்டு கொள்ளும். உரோமன் எழுத்து ஒரு பைட்டே கொள்ளும். விகித அளவில் இது குறுஞ்செய்தியைவிடத் தமிழுக்கு மிகுந்த செலவாகும். ஆயினும் மின்னஞ்சலில் எவரும் எழுத்தை எண்ணிக் கட்டணம் கேட்கவில்லை. ஆகவே இவ்வேறுபாடு எழுதுவோருக்குத் தெரியாமலேயே போயிற்று. மடலின் உள்ளடக்கத்திற்குக் கிட்டிய இவ்வுரிமை முகவரிக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. பிற எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி அமைக்கும் விதிகள் 2012இல்தான் முழுமை பெற்றன.

2009இல் தோன்றிய வாட்ஸ்அப் போன்ற உடனடிச் செய்திச் செயலிகள் இணையத் தரவு வழியாகச் செயற்படுவன. அங்கு 160 இல்லை, 70 இல்லை. 2011இல் வெளியான ஆண்டிராய்டு 4.0 பதிப்பு தமிழ் எழுத்துருவோடு வந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகளை உள்ளடக்கியது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 16333 (பகுதி 3): 2016 என்னும் தரநிலை, செல்பேசிகள் 22 இந்திய மொழிகளிலும் செய்தியைக் காட்டவும், ஆங்கிலம், இந்தி, மற்றுமோர் இந்திய மொழி ஆகியவற்றில் எழுதவும் இடமளிக்க வேண்டுமென வகுத்தது.

தடைகள் இவ்வாறு ஒவ்வொன்றாக நீங்கியபின் தமிழ் எழுத்தில் எழுதுவது பெருகியது. ஆயின் உரோமன் வழக்கு மறையவில்லை. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, கை பழகிய விசைப்பலகை. உரோமன் எழுத்தில் தட்டத் தமிழாக மாறும் விசைப்பலகைகள் இப்பழக்கத்தை மாற்றாமல் தமிழ் எழுத்தைத் திரையில் மட்டும் மீட்டன. இரண்டாவது, ஆங்கிலச் சொற்கள் மிகுதியாகக் கலக்கும் பேச்சு. ஒரே தொடருக்குள் எழுத்தை மாற்றி மாற்றி எழுதுவது இடையூறு. மூன்றாவது, 5.2இல் காட்டிய வழக்குப் பகிர்வு. மூன்றனுள் இதுவே வலியது. ஏனெனில் முதலிரண்டும் கருவி சார்ந்தவை, இது மொழியுணர்வு சார்ந்தது.

2013இல் வாட்ஸ்அப்பில் குரற்செய்தி அறிமுகமாயிற்று. உரோமன் எழுத்து அறியாதார்க்கும் தமிழ் விசைப்பலகை பழகாதார்க்கும் இது வாயிலாயிற்று. எழுத்துச் சிக்கலுக்கு எழுத்தையே தவிர்ப்பது ஒரு தீர்வாக அமைந்தமை எண்ணத்தக்கது.

8. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் நிலை

தனியாள் உரையாடல் செயலிகளுக்கு மாறிய பின்னரும் வங்கி அறிவிப்பு, ஒருமுறைக் கடவுச்சொல், அரசு அறிவிப்பு ஆகியன குறுஞ்செய்தியாகவே தொடர்கின்றன. 2013 ஜூலையில் தொடங்கப்பட்ட எம்கிசான் திட்டத்தின்வழி உழவர்க்கு வேளாண் அறிவுரைகள் குறுஞ்செய்திகளாக வட்டார மொழிகளிலும் அனுப்பப்பட்டன. இத்தகைய செய்திகளை மொழிபெயர்ப்போர் பொருளோடு அலகையும் எண்ண வேண்டியவராகின்றனர். 150 எழுத்துகள் கொண்ட ஆங்கில அறிவிப்பு ஒரே செய்தி. அதன் தமிழாக்கம் 150 அலகு எனக் கொண்டாலும் 67, 67, 16 என மூன்று செய்திகளாகும். ஒரே அறிவிப்பைப் பல்லாயிரவருக்கு அனுப்பும் அலுவலகத்திற்குத் தமிழ் மும்மடங்கு செலவாகத் தோன்றும். ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடும் முடிவுக்கு இக்கணக்கும் ஒரு தூண்டுதலாகும்.

இந்நெருக்கடியில் மொழிபெயர்ப்பாளர்க்குத் தமிழின் வினைவடிவங்களே துணை. ‘செலுத்த வேண்டும்’ 16 அலகு, ‘செலுத்தவும்’ 11, ‘செலுத்துக’ 9. வியங்கோள் வடிவம் சுருக்கமானது, மரியாதையும் குன்றாதது. எழுத்து வழக்கில் அருகி வந்த இவ்வடிவம் செல்பேசித் திரையில் புதுப்பயன் பெற்றது. பயனர் கருவிக்கு இடும் கட்டளையாகிய ‘அனுப்பு’, ‘அழி’ போன்றவற்றில் ஒருமை ஏவலே பொருந்தும். கருவி பயனரை நோக்கிக் கூறுமிடத்தில் ‘எண்ணை உள்ளிடுக’ என்னும் வடிவம் வேண்டும். யார் யாரை ஏவுகின்றார் என்பதை ஆங்கில மூலம் வேறுபடுத்துவதில்லை. தமிழாக்கம் வேறுபடுத்தியே ஆகவேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

(அ) குறுஞ்செய்தியில் தமிழ் எழுத்து பின்தங்கியமைக்கு அதன் நீளம் காரணமன்று. ஓர் அலகுக்கு 7 பிட்டு, 16 பிட்டு என்னும் வேறுபாடே முதற்காரணம்.

(ஆ) உரோமன் வழக்கு கருவியின் கட்டாயத்தால் பிறந்து, இரட்டை வழக்கின் துணையால் நிலைபெற்றது. கட்டாயம் நீங்கினாலும் இரட்டை வழக்கு நீங்காமையால் இவ்வழக்கு தொடர்கிறது. பற்றில்லை எனப் பழிப்பதால் இது மாறாது. பேச்சு வழக்கைத் தமிழ் எழுத்தில் தயக்கமின்றி எழுதும் இணக்கமான எழுத்துக்கூட்டல் உருவாவதே மாற்றத்திற்கு வழி.

(இ) பேச்சுத் தமிழைப் பொதுமக்கள் தாமே எழுதிய இப்பெருந்திரள் மொழியியலுக்குரிய தரவு. கூகுள் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட தக்சிணா தரவுத்தொகுதி தமிழ் உள்ளிட்ட 12 தெற்காசிய மொழிகளின் உரோமன் எழுத்து வடிவங்களைத் தொகுத்துள்ளது. கருவிகளுக்காகத் தொகுக்கப்படும் இவ்வகைத் தரவுகளை ஒலியியல், கிளைமொழியியல் நோக்கிலும் ஆராய்தல் வேண்டும். எழுதுவோர் ஒப்புதலோடும் அடையாளம் நீக்கியும் செய்திகளைத் தொகுக்கும் முறைகளும் வகுக்கப்பட வேண்டும். பழைய கருவிகள் பயனற்றுப் போகுந்தோறும் அவற்றிலிருந்த செய்திகளும் அழிகின்றன.

(ஈ) எழுத்துரிமை எழுதுவோரை மட்டும் சார்ந்ததன்று, படிப்போரையும் சார்ந்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு மகன் உரோமன் எழுத்தில் அனுப்பிய தமிழ்ச்செய்தி, தந்திக் காலத்தைப் போலவே பிறர் படித்துச் சொல்ல வேண்டிய செய்தியாயிற்று. மொழி அவருடையது, எழுத்து அவருடையதன்று.

1949இல் தேவநாகரித் தந்தி, 2009இல் பத்து மொழி அட்டவணைகள், 2016இல் செல்பேசித் தரநிலை ஆகிய மூன்றும் கருவி முதலில் பரவி, எழுத்து பின்னர் வந்து சேர்ந்த நிகழ்ச்சிகளே. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் மாற்று வழியைத் தாமே அமைத்துக்கொண்டனர், அவ்வழி பழக்கமாயிற்று. புதிய தொடர்புக் கருவிக்குரிய தரம் வகுக்கப்படும் தொடக்கக் கட்டத்திலேயே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பங்கு பெற வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் செய்தியாகும்.